டியூப் டயரிலிருந்து டியூப்லெஸ்ஸுக்கு மாறும்போது காத்து சென்சார் எதை மாட்டினீர்கள்? பெங்களூரு வண்டிக்காரர்கள் அனுபவம்

யஷ்வந்த்பூர், பத்து சக்கர வண்டி ஓனர்

வணக்கம். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். பெங்களூருவில் பதினாறு வருஷமாக லாரித் தொழில், மூன்று வண்டி ஓடுகிறது. இந்த வருஷம் ஒரு வண்டிக்கு 10.00 ஆர் 20 டியூப் டயரையும் பழைய டிஸ்க்கையும் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்) கழற்றிவிட்டு, 22.5 அங்குல டியூப்லெஸ் டிஸ்க்கும் 295/80 டயரும் போட்டேன். மொத்த உயரம் இரண்டிலும் 1050 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வருகிறது. அதனால் ஸ்பீடோமீட்டர், கியர் எதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டயரைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். காத்து பார்க்கிற சென்சாரைப் பற்றி மட்டும் ஒருவரும் முன்னாடியே சொல்லவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே போடுங்கள்.

டியூப்லெஸ்ஸுக்கு மாறியதற்கே காரணம் ஒரு சென்சார்தான். டியூப் டயர் இருந்த காலத்தில் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகுகிற வகையைப் பத்து சக்கரத்துக்கும் போட்டிருந்தேன். டயருக்குள்ளே டியூபும், டியூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வரும் ரப்பர்ப் பட்டையான ஃபிளாப்பும் இருக்கும்போது டிஸ்க்கில் சென்சார் உட்கார இடமே கிடையாது, வெளியே மாட்டுவது ஒன்றுதான் வழி. வெளிச் சக்கரங்களில் பிரச்சினை இல்லை. பின்னால் ஜோடிச் சக்கரத்தில் உள்ளே இருப்பதற்கு வால்வில் எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டு, அதன் நுனியில் சென்சாரைத் திருகினார்கள். அங்கேதான் வினை.

பீன்யாவில் லோடு ஏற்றி மாதவரம் போகிற வண்டி. கிருஷ்ணகிரி தாண்டியதும் டிரைவர் போன் பண்ணினார்: "அண்ணே, இடது பின் உள் சக்கரம் திரும்பவும் கத்துது." அந்தச் சக்கரத்துச் சென்சாரின் அலாரம் அதற்கு முன் மூன்று தடவை சும்மா கத்தியிருந்தது. "இறங்கி ராடால தட்டிப் பாருங்க, சத்தம் சரியா இருந்தா ஓட்டுங்க" என்றேன். அவர் தட்டியது வெளி டயரை. அது முழுக் காத்தோடு இருந்தது, டங்கென்றுதான் கேட்டிருக்கிறது. வாணியம்பாடி வரும்போது ரப்பர் தீய்ந்த வாடை அடித்து நிறுத்தினார். பஞ்சர் கடையில் ரிங்கைத் தட்டி டயரைப் பிரித்து நிமிர்த்தினால், அடுப்புக்கரி மாதிரி கறுப்பு ரப்பர்த் தூள் தரையில் கொட்டுகிறது. காத்து இல்லாமல் ஓடி, டயரின் உள்சுவர் அரைபட்டு வந்த தூள் அது. டியூபில் ஒரு ஓட்டை கிடையாது. கடைக்காரர் அந்த எக்ஸ்டென்ஷன் குழாயை வேறு ஒரு டியூபில் மாட்டி, காத்து பிடித்து, சென்சார் சேருகிற இடத்தில் சோப்புத் தண்ணி விட்டார். பொடிப்பொடியாக முட்டை விட்டது. நாலு நாளாக அந்த வழியாகக் காத்து போயிருக்கிறது.

அவர் ஒரு விஷயம் விளக்கினார், அது மனதில் நின்றுவிட்டது. மூடி மாதிரி திருகும் சென்சார், உள்ளே இருக்கும் வால்வு ஊசியை எப்போதும் அமுக்கியே வைத்திருக்கும். அப்படி அமுக்கினால்தான் அதனால் அளக்க முடியும். அதை மாட்டிய நிமிடத்திலிருந்து காத்தைப் பிடித்து நிறுத்துவது வால்வு இல்லை, சென்சாருக்குள் இருக்கிற சின்ன வாஷர். குழாய் ஆடி ஆடி அந்த வாஷர் தேய்ந்தால் கதை முடிந்தது. வெளியே மாட்டுவதென்றால் உலோக வால்வு வேண்டும், குழாய் ஆடாமல் டிஸ்க்கோடு கிளிப் போட்டுப் பிடிக்கவும் வேண்டும். எனக்கு விற்றவர் இரண்டையும் சொல்லவில்லை.

டியூப்லெஸ்ஸுக்குப் போகும்போது உள்ளே வைக்கும் சென்சார் என்று முடிவு செய்தேன். ஆனால் டிஸ்க்கையும் டயரையும் வாங்கி முடித்த பிறகுதான் சென்சாரைத் தேடினேன். இது தப்பு. வால்வோடு சேர்ந்து வரும் சென்சார் பிடித்திருந்தது. கொண்டுவந்து பார்த்தால் டிஸ்க்கில் வால்வு ஓட்டை 9.7 மில்லிமீட்டர், சென்சாரின் வால்வு 15.7 ஓட்டைக்குச் செய்தது. துளையைப் பெரிசாக்கித் தருகிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்கள். நூறு பி.எஸ்.ஐக்கு (காத்தின் அழுத்தத்தைச் சொல்லும் அளவு) மேல் காத்து நிற்கிற டிஸ்க்கில் துளை போட நான் சம்மதிக்கவில்லை. கடைசியில் டிஸ்க்கின் பள்ளமான நடுப்பகுதியில் எஃகுப் பட்டை போட்டு இறுக்கும் வகையை வாங்கினேன். அதற்கு வால்வு எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. சென்சார் இருக்கும் இடத்துக்கு நேராக வெளியே மஞ்சள் பெயிண்டில் புள்ளி வைத்திருக்கிறேன், டயர் கழற்றுகிறவர் அங்கே கம்பி விடக்கூடாது என்பதற்காக.

ஒரு சந்தேகம் வந்தது, தீர்ந்தும் விட்டது. டயர் குளிர்ந்திருக்கும்போது காத்து பிடிக்கிற கேஜில் 120 வைத்தால், சென்சாரின் அளவைக் கேபினில் காட்டும் டிஸ்பிளேயில் 118, 119 என்று வந்தது. சென்சார் கெட்டது என்று நினைத்தேன். இந்த வகை சென்சார் மொத்த அழுத்தத்தை அளந்து, கடல் மட்டத்து வளிமண்டல அழுத்தத்தைக் கழித்துக் காட்டுகிறது. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே வெளிக்காத்தின் அழுத்தமே ஒன்றரை பி.எஸ்.ஐ குறைவு. வண்டி சென்னை போய் நின்றபோது இரண்டும் ஒத்து வந்தன. இதற்காக யாரும் சென்சாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

ஜே.சி. ரோடு, டயர் ஃபிட்டர்

அண்ணே, நல்லா விவரமா எழுதியிருக்கீங்க. பத்து வருஷமா டயர் மாத்துறேன், என் பக்கத்துல இருந்து ரெண்டு மூணு சொல்றேன்.

சென்சார் வாங்கும்போது அதிகபட்சம் எத்தனை பி.எஸ்.ஐ வரைக்கும் படிக்கும்னு டப்பாவுல பாருங்க. கார் சென்சார் பல வகை 60, 65க்கு மேல படிக்காது. லாரில நாம வைக்கிறது அதுக்கு ரெண்டு மடங்கு. போன மாசம் ஒருத்தர் ஆன்லைன்ல மலிவா கிடைச்சுதுன்னு ஆறு கார் சென்சார் தூக்கிட்டு வந்தாரு. மாட்ட முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன்.

பஞ்சர் ஆகாம இருக்க உள்ளே ஊத்துற ஜெல் போட்டிருந்தா உள் சென்சார் வேண்டாம். காத்தை அளக்க அதுல குண்டூசி முனை அளவு ஓட்டைதான் இருக்கும். ஜெல் அதை அடைச்சா, அடைச்ச அன்னைக்கு இருந்த அளவையே காட்டிட்டு இருக்கும். டயர் பாதி இறங்கியிருக்கும், டிஸ்பிளே 120ன்னு நிக்கும். சென்சார் இல்லாததைவிட இது ஆபத்து.

அலுமினிய வால்வு வர்ற சென்சாருக்கு நிக்கல் பூச்சு உள்ள வால்வு ஊசிதான் போடணும். சாதா பித்தளை ஊசி போட்டா மழைத் தண்ணில ரெண்டும் அரிச்சு ஒட்டிக்கும். திருகினா வால்வே உடைஞ்சு கையில வரும். நான் உடைச்சிருக்கேன், வேதனையா இருந்துச்சு, கஸ்டமருக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தேன்.

வைட்ஃபீல்டு, பிக்கப் வைத்திருப்பவர்

என்னுடையது லாரி இல்லை, இரட்டை கேபின் பிக்கப். குடும்பத்தோடு சக்லேஷ்பூர், கொடைக்கானல் போவதற்கு வைத்திருக்கிறேன். அலாய் வீலும் ஆல்-டெரெய்ன் டயரும் மாற்றினேன். பழைய வீலைச் சென்சாரோடு அப்படியே வைத்துக்கொள்ள நினைத்ததால் புது வீலுக்குத் தனி செட் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த நண்பரிடம் நாலு சென்சார் வாங்கி வரச் சொன்னேன். மாட்டி ஓட்டினால் டேஷ்போர்டில் ஒன்றுமே வரவில்லை. அங்கே சென்சார் சிக்னல் அனுப்பும் அலைவரிசை பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், என் வண்டி கேட்பது 433. அது பேசுவது இதன் காதில் விழவே விழாது. நாலு டயரையும் மறுபடி பிரித்தோம்.

பிறகு புரோகிராம் செய்யும் வகை 433 சென்சார் வாங்கி, பழைய நாலின் அடையாள எண்ணையும் புதியவற்றில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். வண்டிக்கு வீல் மாறியதே தெரியாது. இரண்டு செட்டுக்கும் ஒரே எண் என்பதால் பழைய செட்டைக் கழற்றி ஷெட்டில் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய சென்சாரையே புது வீலுக்கு மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: உள்ளே பேட்டரி சீல் செய்தது, மாற்ற முடியாது. ஐந்திலிருந்து பத்து வருஷம் வரும். வண்டிக்கு ஆறு வயசு என்றால் புது டயருக்குள் பழைய சென்சாரை வைக்காதீர்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று. நான் போட்டது லைட் டிரக் வகை டயர். அதே சுமையைத் தாங்க பழைய டயரைவிடக் கூடுதல் காத்து வேண்டும். முன்பு 35, இப்போது 42 வைக்கிறேன். ஆனால் எச்சரிக்கை விளக்கு பழைய 35ஐ வைத்தே கணக்குப் போடுகிறது. அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புது இலகு ரக வண்டிக்கும் இந்த எச்சரிக்கை விளக்கு கட்டாயம், அங்கே விதி 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது. என் வண்டியில் காத்தை இறக்கிச் சோதித்தபோது 26 வந்த பிறகுதான் எரிந்தது. புது டயருக்கு 26 என்பது ரொம்பத் தாமதம். அதனால் விளக்கை நம்புவதில்லை, டிஸ்பிளேயில் எண்ணைப் பார்க்கிறேன். எண் காட்டாத, விளக்கு மட்டும் உள்ள வண்டிக்காரர்கள் தனி டிஸ்பிளே உள்ள செட்டாக வாங்குவது நல்லது.

அத்திப்பள்ளி, டிரைவர்

ஓனர்மார் நிறைய சொல்லிட்டீங்க. ஓட்டுறவன் பார்வையில ஒண்ணு சொல்றேன். தொப்பூர் இறக்கத்துல லோடோட இறங்குறப்ப பிரேக் டிரம் கொதிக்கும். வெளியே மாட்டுற சென்சார் காட்டுற சூடு டயருக்குள்ள இருக்குற காத்தோட சூடு கிடையாது, காத்தும் வெயிலும் டிரம் அனலும் கலந்த சூடு. போன வண்டியில அதை நம்பி ரெண்டு தடவை நடு இறக்கத்துல ஓரங்கட்டினேன், டயர்ல ஒண்ணுமே இல்ல. இப்ப ஓட்டுற வண்டியில உள் சென்சார். ஒரு சக்கரம் மட்டும் பக்கத்துச் சக்கரத்தைவிட இருபது டிகிரி கூடக் காட்டுச்சு. கீழே வந்து பார்த்தா அந்தப் பக்கம் பிரேக் பிடிச்சபடியே நின்னிருக்கு. டயரைவிடப் பெரிய ஆபத்தை அது காட்டிக் கொடுத்துச்சு.

இன்னொண்ணு, ஓட ஓட 120 இருந்தது 135 ஆகும். புதுசா சென்சார் போட்ட வண்டியில பசங்க பயந்துபோய்க் காத்தை இறக்குறாங்க. இறக்காதீங்க தம்பிகளா. ராத்திரி ஆறினா 105ல நிக்கும், மறுநாள் அதே டயர்தான் சூடேறும்.

யஷ்வந்த்பூர், பத்து சக்கர வண்டி ஓனர்

டிரைவர் அண்ணனுக்கு நன்றி. அந்த இருபது டிகிரி விஷயத்தை இன்றே என் டிரைவர்களுக்குச் சொல்லிவிட்டேன்.

தனியாகக் கேட்டவர்களுக்குப் பதில். பின் அச்சிலிருந்து சிக்னல் கேபினுக்குச் சரியாக வரவில்லை, நடுவில் இரும்பு பாடி. சேஸிஸில் பின்பக்கமாக ஒரு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) வைத்த பிறகு நிற்காமல் வருகிறது. சென்சார் வாங்கும்போதே ரிப்பீட்டர் சேர்த்து விலை கேளுங்கள். டயரை இடம் மாற்றினால் டிஸ்பிளேயில் எந்த எண் எந்தச் சக்கரம் என்று மறுபடி பதிய வேண்டும். ஒரு தடவை மறந்துவிட்டோம், வலதில் காத்து குறைய இடதைத் தேடிக்கொண்டிருந்தோம். ஸ்டெப்னிக்கும் ஒன்று போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் இரண்டாவது வண்டி. இந்த முறை சென்சாரை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற வால்வு ஓட்டை உள்ள டிஸ்க்கைத்தான் எடுக்கப் போகிறேன். ஜோடிச் சக்கரத்தில் உள் வால்வு வெளி டிஸ்க்கில் கை விடுவதற்கு இருக்கும் ஓட்டைக்கு நேராக வருகிற மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் ஒரு படம் அனுப்புங்கள்.