ஆயா வீட்டுச் சொந்தங்கள் – வாட்ஸ்அப் குழு

சரோஜா அத்தை, புதுச்சேரி: (முன்னனுப்பியது) ரெயூனியன் தீவில் எரிமலை வெடித்தது!! ஆறு மாதம் சூரியன் தெரியாது. உலகமே குளிரும். உடனே பகிரவும்.

சரோஜா அத்தை: கவிதா, பத்திரமாக இருக்கிறாயா? வளைகாப்புக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்கிறார் உன் மாமா.

கவிதா, சேன் பிலிப் (ரெயூனியன்): இங்கே நல்ல வெயில் அத்தை. துணி காயப் போட்டிருக்கிறேன்.

செந்தில்: ராத்திரி மலைப்பக்கம் சிவப்பாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

விஜயா: ஏழாம் மாதக்காரியிடம் இதையெல்லாம் அனுப்பலாமா?

சரோஜா அத்தை: அக்கறையில் கேட்டால் தப்பா அண்ணி?

தீபா, மொரிஷியஸ்: ஆரம்பிக்காதீர்கள் 🙏

தணிகாசலம் மாமா: சரோஜா, டிக்கெட்டைத் தொடாதே. பூமிக்கு உள்ளே பாறை உருகி, சுற்றியுள்ள பாறையைவிட லேசாகி மேலே ஏறுகிறது. அதில் கரைந்திருக்கும் வாயு, மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழியாகப் பிரிகிறது. அந்த வாயு எப்படி வெளியேறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரசம் கொதித்தால் ஆவி பாட்டுக்குப் போகும், களி கொதித்தால் தெறித்துக் கையைச் சுடும். நம் ரெயூனியனின் ஃபூர்னேஸ் எரிமலையின் பாறைக் குழம்பு ரசம் ஜாதி. விரிசலில் பீறிட்டு, சரிவில் ஓடும்.

செந்தில்: மாமா வகுப்பைத் தொடங்கிவிட்டார்

கவிதா: மாமா சொல்லட்டும். அத்தைக்குப் பயம் போகட்டும்.

தணிகாசலம் மாமா: களி ஜாதி எது என்றால் பிலிப்பைன்ஸ் பினாத்துபோ. 1991 ஜூனில் வெடித்தது. மேகம் 35 கி.மீ. உயரம் போயிற்று. ஏறக்குறைய 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடு, மழை மேகங்களுக்கும் மேலே இருக்கும் அடுக்கு மண்டலத்தில் ஏறியது. அங்கே மழை கிடையாது, கழுவிவிட ஆளில்லை. அது கந்தக அமிலத் துளிகளாக மாறி உலகம் முழுக்கப் பரவி, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்தது. இரண்டு மூன்று ஆண்டில் சரியாயிற்று. 1815இல் வெடித்த இந்தோனேசியாவின் தம்போரா இன்னும் பெரியது. 1816இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, பயிர் அழிந்து பஞ்சம். சாம்பல் சீக்கிரம் விழுந்துவிடும் அம்மா, குளிர வைப்பது கந்தகம். நம் மலையின் புகை பெரும்பாலும் சில கி.மீ. உயரத்திலேயே நின்று, மழையில் கரைந்துவிடும்.

சரோஜா அத்தை: அப்போது சூரியன் தெரியும்

தணிகாசலம் மாமா: தெரியும்.

தீபா: உலகம் சூடாவதற்கே எரிமலைதான் காரணம் என்று என் மாமனார் சொல்கிறார்

தணிகாசலம் மாமா: இல்லை. எல்லா எரிமலையும் ஓராண்டில் விடும் கார்பன் டை ஆக்சைடு, மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. உங்கள் மொரிஷியஸும் எங்கள் தீவுக்கு அடியில், பூமிக்குள் இருக்கும் இதே சூட்டில் பிறந்ததுதான், சுமார் 80 லட்சம் ஆண்டுக்கு முன்பு. அதற்கும் முன்னால், 6.6 கோடி ஆண்டு வாக்கில், இதே சூடுதான் தக்காணத்துக் கரும்பாறையைக் கொட்டியது. இந்தியா நகர்ந்து வடக்கே போய்விட்டது, சூடு இங்கேயே இருக்கிறது.

செந்தில்: சாப்பாடு யார் சொல்வது? புளியோதரை, தேங்காய் சாதம் போதுமா?

விஜயா: ஏழு வகை வேண்டும். அப்புறம் நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். சாலை மூடினால் என்ன செய்வது? வளைகாப்பை சேன் தாந்த்ரேயில் எங்கள் வீட்டிலேயே வைத்துவிடலாம்.

ரவி (கவிதாவின் கணவர்): என் அம்மா இங்கே சேன் பிலிப்பில் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று அத்தை.

விஜயா: பெண் வீட்டில் செய்வதுதான் வழக்கம். கல்யாணத்தின்போதும் இப்படித்தான் ஆயிற்று.

செந்தில்: அம்மா, வேண்டாம்

(விஜயா ஒரு செய்தியை நீக்கினார்)

தணிகாசலம் மாமா: விஜயா கேட்பதில் நியாயம் இருக்கிறது. பயப்பட வேண்டியது சாலைக்குத்தான். 2007 ஏப்ரலில் குழம்பு கிரான் ப்ரூலே என்ற சரிவில், சேன் பிலிப் வரும் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலில் இறங்கியது. மலை உச்சியின் பள்ளமே 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. ரவி வீட்டுக்குப் பக்கம் த்ராம்ப்ளே ஊரில் ஆட்களை வெளியேற்றினார்கள். ஆண்டுகள் கழித்தும் மழை பெய்தால் அந்தக் கறுப்புப் பாறையிலிருந்து ஆவி கிளம்பும், கையை நீட்டினால் சூடு தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

ரவி: எங்கள் கொல்லையில் கண்ணாடி முடி விழுந்தது. வாழை இலை முழுக்க.

தணிகாசலம் மாமா: அதுதான். குழம்பு காற்றில் இழுபட்டு நூலாவது. கையால் தொடக் கூடாது. கவிதா, காற்று உங்கள் பக்கம் திரும்பிக் கந்தக வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள், தாத்தாவின் மூச்சு மருந்து கையோடு இருக்கட்டும். பூர்-மூராவில் இருக்கும் எரிமலை ஆய்வகத்தின் அறிக்கையை மட்டும் நம்புங்கள். 1977இல் சேந்த் ரோஸ் பக்கம் வீடுகள் போன பிறகு அமைத்தது அது. இப்போது வெடிப்பு மலை உச்சியைச் சுற்றியுள்ள, ஆளில்லாத பெரும் பள்ளத்துக்குள்ளேதான் இருக்கிறது.

செந்தில்: சாலை மூடினால் பிளேன் தே பால்மிஸ்த் வழியாக ஏறி சேன் பியேரில் இறங்கிச் சுற்றி வரலாம்.

விஜயா: சீர்த்தட்டோடு மலையேறுவதா?

கவிதா: அம்மா, சனிக்கிழமை அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வோம்.

ரவி: பந்தல்காரர் வெள்ளிக்குள் கேட்கிறார்

தீபா: எனக்கு எங்கே என்றாலும் சரி. விமான நிலையத்துக்கு யார் வருகிறீர்கள்?

செந்தில்: நான்

சரோஜா அத்தை: வளையல் கடையில் நிற்கிறேன். பச்சை மட்டும் போதுமா, சிவப்பும் கலந்து வாங்கட்டுமா? அண்ணி, நீங்களே சொல்லுங்கள்.

விஜயா: இரண்டும் வாங்கு. உடையாமல் கொண்டு வா.