வளையம் போட்ட இந்தக் குட்டி எம்பரர் ஏஞ்சல்தானா?

கேள்வி – அலைவாசகி
கொளத்தூரில் ஒரு கடையில் விரல் நீளக் குட்டி மீனைப் பார்த்தேன். கருநீல உடம்பு, வால் பக்கம் வெள்ளை வட்டம், அதைச் சுற்றி வளையத்துக்கு மேல் வளையம். எம்பரர் ஏஞ்சல் என்கிறார் கடைக்காரர். படங்களில் பார்த்த எம்பரருக்கு மஞ்சள் கோடுகள் அல்லவா? என்னிடம் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. வாங்கலாமா?

பதில் – உவர்நீர்
கடைக்காரர் சொன்னது சரி. குட்டிக்கு வளையம், வளர்ந்ததற்குக் கோடு. தொட்டிதான் போதாது.

பதில் – ஹேவ்லாக் முக்குளிப்பாளர்
அந்தமானில் பயணிகளைக் கடலுக்கடியில் அழைத்துப்போவது என் தொழில். குட்டிகள் பாறை இடுக்கை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. பெரியது அப்படியல்ல. கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, மஞ்சள் வால், கன்னத்தில் கூரிய முள். அதன் பொந்துக்கு அருகே போனால் 'டொம்' என்று ஓர் ஒலி எழுப்பும். நீருக்குள் அது நெஞ்சில் அதிர்வது போலிருக்கும்.

உங்களுக்கு வந்த ஐயம் அறிஞர்களுக்கே வந்ததுதான். 1787இல் ஜெர்மானிய மீன் ஆய்வாளர் பிளாக் இந்த மீனுக்குப் பெயரிட்டார். 1801இல் இதன் குட்டியைத் தனி இனமாகக் கருதி, எங்கள் நிக்கோபாரின் பெயரையே வைத்தார்கள்!

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. வளர்ந்த பிறகும் அந்தக் கோடுகள் நிலையாக இருப்பதில்லை. உடம்பு வளரும்போது கோடுகள் தடிப்பதில்லை, எண்ணிக்கையில்தான் கூடுகின்றன. ஒரு கோடு இரண்டாகக் கிளைத்திருக்கும் இடம் மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, முடிவில் இரு தனிக் கோடுகளாகிவிடும். ஜப்பானியர்களான கோண்டோவும் அசாயும் இதைப் படமெடுத்து 1995இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். வேதிப்பொருள்கள் பரவி வினைபுரிவதாலேயே கோடுகளும் புள்ளிகளும் தாமாக உருவாகலாம் என்று கணித அறிஞர் ஆலன் டூரிங் 1952இல் கணிதமாக எழுதிய கருத்து உயிருள்ள தோலில் நடப்பதற்கு இந்த மீனைச் சான்றாகக் காட்டினார்கள்.

அலைவாசகி
அப்படியென்றால் கண்ணெதிரே மாறுவதைப் பார்க்கலாமே! ஆசை கூடிவிட்டது.

ஹேவ்லாக் முக்குளிப்பாளர்
தயவுசெய்து வேண்டாம், அம்மா. இது 40 செ.மீ. வரை வளரும், கடற்பஞ்சுகளைக் கொறித்துத் தின்று பழகியது. கடைக்கு வருபவை பெரும்பாலும் கடலில் பிடித்தவை. மூன்றடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடம் இருக்காது. கோமாளி மீன் வாங்குங்கள். அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை இராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். வளர்ப்பில் பிறந்ததுதானா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.