பழைய கிட்டார், சின்ன விரிசல், ராத்திரிக்குள் பதில் சொல்லணுமாம்

பாலக்கோட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். இங்கே ஒருவர் பழைய யமஹா கிட்டாரை 120 டாலருக்கு விற்கிறார். லேசான டேமேஜ் என்று போட்டிருக்கிறார். போட்டோவில் ஒரு கோடு மாதிரி தெரிகிறது. கேட்டால், சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். வேறு ஒருவரும் கேட்டிருக்கிறாராம். ராத்திரிக்குள் 50 டாலர் அட்வான்ஸ் போட்டால் எனக்கு எடுத்து வைப்பாராம். ஊரில் இருந்த கிட்டாரைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வேலை விட்டு வந்தால் ரூமில் பொழுதே போக மாட்டேன் என்கிறது. வாங்கலாமா, வேண்டாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

ஊத்தங்கரை அண்ணன்:
தம்பி, பார்ட் டைம் வேலையா, நிரந்தர வேலையா? அதைச் சொல்லவே இல்லையே. நாங்கள் வந்த புதிதில் ஒரு ரூமில் நாலு பேர். மெத்தை வாங்கக் காசு இல்லாமல் கம்பளியை மடித்துப் போட்டுப் படுத்தோம். கடையில் எதை எடுத்தாலும் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவோம். 120 டாலருக்குப் பனியில் நடக்க நல்ல பூட்ஸ் வாங்கலாம். முதல் ஆறு மாதம் பாட்டு, கூத்து எல்லாவற்றையும் மூட்டை கட்டி வை. வாடகையும் சாப்பாடும்தான் முக்கியம்.

அரூர்க்காரர்:
டாலர் என்கிறீர்கள், சிங்கப்பூர் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே ஈரப்பதம்தான் கிட்டாருக்கு எதிரி. மரம் ஈரத்தைக் குடித்து மேல்பலகை உப்பும், ஸ்ட்ரிங் உயரும், அழுத்தினால் விரல் வலிக்கும். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். விரிசலைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

ஓசூர் அக்கா:
அங்கே எதுக்குப்பா வாங்குகிறாய்? ஊரிலிருந்து மாதம் ஒருத்தராவது விமானம் ஏறுகிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். புதுசாகவே வாங்கிக் கொடுத்து அனுப்பச் சொல். ஆனால் ஈட்டி மரம் போட்ட கிட்டார் என்றால் ஏர்போர்ட்டில் பிடித்து வைத்துக்கொள்வார்களாம், என் பையன் சொன்னான். அதை மட்டும் விசாரித்துக்கொள்.

காவேரிப்பட்டணம்:
அக்கா, அது பழைய கதை. 2017 ஜனவரியில் ஈட்டி வகை மரங்கள் எல்லாவற்றையும் சைட்டிஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள், கிட்டார் கம்பெனிகளே திண்டாடின. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். இப்போது பயம் சுங்கத்தில் இல்லை, லக்கேஜ் தூக்கிப் போடுகிறவர்களிடம்தான். மெல்லிசான துணிப் பையில் போட்டு அனுப்பினால் தலைப்பகுதி முறிந்துதான் வந்து சேரும்.

ஊத்தங்கரை அண்ணன் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு முதல் டிசம்பரில் பைத்தியமே பிடித்திருக்கும். ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. பேச ஆள் கிடையாது, ஊருக்குப் போன் போடலாம் என்றால் அங்கே நடுராத்திரி. அந்த நேரத்தில் கையில் ஏதாவது ஒன்று வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கு தம்பி.

ஊத்தங்கரை அண்ணன்:
சம்பளம் வருகிறவன் சொல்வதற்கென்ன. நாங்களும் அதே இருட்டில்தான் இருந்தோம்.

ஓசூர் அக்கா:
வாடகைக் கொடுமையைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே. எங்கள் பேஸ்மென்ட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கார் சக்கரம்தான் தெரியும். அதற்கு முதல் மாசமும் கடைசி மாசமும் சேர்த்து முன்பணம். ராகி மாவு சின்னப் பாக்கெட்டுக்குக் கேட்கிற விலையில் ஊரில் ஒரு மாசம் களி கிண்டலாம்.

பென்னாகரம்:
மாங்கூழ் டப்பா பார்த்தீர்களா அக்கா? போன வாரம் இந்தியன் கடையில் திருப்பிப் பார்த்தால் தயாரித்த இடம் கிருஷ்ணகிரி என்று போட்டிருக்கிறது. நம் ஊரில் பெங்களூரா மாங்காய்க்கு விலை இல்லை என்று லாரி லாரியாக நிற்கிறது. இங்கே அதே கூழ் டாலரில் போகிறது. இடையில் யார் தின்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

ஓசூர் அக்கா:
நீ வேற. எங்கள் மாமனார் போன வருஷம் பறிப்புக் கூலி கட்டுபடியாகாது என்று மரத்திலேயே விட்டுவிட்டார்.

தேன்கனிக்கோட்டை:
மாங்காயை அப்புறம் பேசலாம், பையன் ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊர் சர்ச்சில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன் நான், இங்கே பழசு வாங்கி விற்ற அனுபவமும் கொஞ்சம் உண்டு.

தம்பி, முதலில் அட்வான்ஸ் போடாதே. பொருளைக் கண்ணால் பார்க்காமல் ஒரு டாலர்கூட வேண்டாம். இன்னொருவர் கேட்கிறார் என்பது எல்லாரும் சொல்வதுதான். நீ எந்த ஊரில் இருக்கிறாய்? எந்த மாடல்? விரிசல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? இது தெரியாமல் இங்கே யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பாலக்கோட்டான்:
மன்னிச்சுக்கோங்க அண்ணா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். கனடா, டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதி. வேலை இருக்கிறது. மாடல் எஃப்ஜி 800. ஸ்டீல் ஸ்ட்ரிங். கோடு பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் ஸ்ட்ரிங் மாட்டுகிற கட்டை) கீழே ஆரம்பித்து அடி விளிம்பு வரை மர ரேகையோடு ஒட்டிப் போகிறது. பணத்தை இ-டிரான்ஸ்ஃபரில் போடச் சொல்கிறார். நாளைக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்று இப்போது எழுதியதும், சரி வாங்க என்றுவிட்டார். அந்த இன்னொருவரைப் பற்றிப் பேச்சே இல்லை.

தேன்கனிக்கோட்டை:
பார்த்தாயா. இ-டிரான்ஸ்ஃபர் அவர் கணக்கில் ஏறிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. பொருள் கைக்கு வந்த பிறகு போடு.

சரி, கிட்டாருக்கு வருவோம். எஃப்ஜி 800க்கு மேல்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம், ஒட்டுப்பலகை இல்லை. சத்தம் நன்றாக இருப்பதும் அதனால்தான், காய்ந்தால் வெடிப்பதும் அதனால்தான். அரூர்க்காரர் சொன்னது சிங்கப்பூருக்குச் சரி. உங்கள் ஊரில் கதை தலைகீழ். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் வீட்டுக்குள் காற்று வறண்டு, ஈரப்பதம் முப்பது சதவீதத்துக்கும் கீழே போகும். கிட்டாருக்கு வேண்டியது 45 முதல் 55 வரை. சிலிக்கா ஜெல் போட்டால் இருக்கிற விரிசலும் நீளும். ரேகையோடு போகிற கோடு என்றால் அநேகமாக வறட்சியில் வந்ததுதான்.

நேரில் போனதும் வெளிச்சத்தில் பிடித்து, கோட்டுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டு. வழுக்கிக்கொண்டு போனால் மேல்பூச்சில் மட்டும் கீறலாக இருக்கலாம். நகம் டக்கென்று மாட்டினால் மரம் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் கோட்டின் ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்து. ஒரு பக்கம் இறங்கி இன்னொரு பக்கம் அப்படியே நின்றால் விரிசல் உயிரோடு இருக்கிறது, அழுத்த அழுத்த வாய் திறக்கும். அடுத்து போன் லைட்டைச் சவுண்ட்ஹோல் என்கிற நடு ஓட்டைக்குள் விட்டு, உள்பக்கம் கேமராவில் ஒரு போட்டோ எடு. உள்ளே அந்த இடத்தில் சின்னச் சின்ன மரத்துண்டு ஒட்டியிருந்தால் ஏற்கெனவே ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள். சுத்தமாக ஒட்டியிருந்தால் அது நல்லதுதான், பயப்படாதே.

விரிசலைவிட எனக்குப் பிரிட்ஜ் மேல்தான் சந்தேகம். கோடு அங்கேதானே ஆரம்பிக்கிறது? ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் எழுபது கிலோ. ராத்திரி பகலாக ஒரு ஆள் தொங்குகிற மாதிரி. ஒரு காகிதத்தைப் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் நுழைத்துப் பார். நுழையவே இல்லை என்றால் பிரச்சினை இல்லை. ஒரு மூலையில் உள்ளே போனாலும் பசை விட ஆரம்பித்துவிட்டது. அதைக் கழற்றி ஒட்ட ரிப்பேர்காரர் கேட்கிற கூலி இந்த மாதிரி கிட்டாரின் பழைய விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். அப்போது அவர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியாக நெக், அதாவது ஸ்ட்ரிங்கை அழுத்தி வாசிக்கிற நீளக் கழுத்து. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார், முறுக்கு இருக்கக் கூடாது. லேசாக வளைந்திருந்தால் அதற்குள் ஓடுகிற ட்ரஸ் ராட் என்கிற கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் சுகம். நாலைத் தாண்டினால் விரல் போய்விடும். எல்லா ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி வாசித்துப் பார். எங்கே கரகரக்கிறது என்று தெரிந்துவிடும்.

காவேரிப்பட்டணம்:
தம்பி டொராண்டோவில்தானே இருக்கிறான்! அங்கே பொது நூலகத்தில் சில கிளைகளில் கிட்டாரே இரவல் கொடுக்கிறார்கள், கார்டு போதும், காசு கிடையாது. இது சரிப்படவில்லை என்றால் அதை எடுத்து வாசி, நிதானமாக வேறு தேடு.

ஊத்தங்கரை அண்ணன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

பாலக்கோட்டான்:
போய்ப் பார்த்துவிட்டேன் அண்ணா. நகம் மாட்டுகிறது, ஆனால் அழுத்தினால் அசையவில்லை. உள்ளே வரிசையாக மூன்று மரத்துண்டு ஒட்டியிருக்கிறது. கேட்டால், முன்னால் வைத்திருந்தவர் செய்தது என்கிறார். பிரிட்ஜுக்கு அடியில் காகிதம் நுழையவில்லை. ஸ்ட்ரிங் உயரம் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஸ்ட்ரிங்கை முறுக்குகிற டியூனிங் கீயில் இரண்டு சுற்றுவதற்குக் கனமாக இருக்கிறது. 80 கேட்டேன், 90க்கு இறங்கினார். ஒரு மணி நேரத்தில் சொல்கிறேன் என்று வெளியே காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டை:
90க்கு எடுத்துக்கொள். கீ தனியாகக் கிடைக்கும், நீயே மாற்றலாம். பிரிட்ஜ் மேல் இருக்கிற வெள்ளைப் பட்டையை அடியில் கொஞ்சம் தேய்த்தால் ஸ்ட்ரிங் உயரம் இறங்கும். அதை மட்டும் தெரிந்தவரிடம் கொடு, அதிகம் தேய்த்துவிட்டால் புதுசுதான் போட வேண்டும். அவர் பெட்டியும் தருகிறாரா கேள், பெட்டியோடு என்றால் இன்னும் நல்லது. வெளியே குளிர் அதிகமாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் உடனே திறக்காதே. பெட்டி அறைச் சூட்டுக்கு வரும் வரை மூன்று நாலு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். ஜில்லென்று இருக்கிற மேல்பூச்சில் சூடு பட்டால் அது தனியாக வெடிக்கும். ஹீட்டர் காற்று வருகிற பக்கம் மாட்டாதே, வெளிச்சுவரும் வேண்டாம். ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடு. நாற்பதுக்குக் கீழே இறங்கினால், துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை நன்றாகப் பிழிந்து வை, சொட்டு விழக் கூடாது.