புதுப்பிப்பு: கூரைத் தகடு 0.42-ஆ, 0.48-ஆ?

சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் எங்கள் பட்டறைக் கொட்டகைக்கு எந்தத் தடிமனில் தகடு போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, வேலை முடிந்துவிட்டது. கூரைக்கு 0.48 மி.மீ., சுவருக்கு 0.42.

குழப்பமே எண்ணில்தான். முதல் கொட்டேஷனில் போட்டிருந்த 0.47, பூச்சையும் சேர்த்த கணக்கு. உள்ளே வெறும் எஃகு 0.42தான், கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் 0.48-க்குப் பக்கம்தானே என்று நம்பி ஏமாந்திருப்பேன். மி.மீ.-க்குப் பதில் தடிமனை ஒரு எண்ணால் சொல்லும் கேஜ் கணக்கு இன்னும் மோசம், எண் கூடினால் தகடு மெலியும்.

கூரைமேல் பாரம் ஏற இங்கே பனியா கொட்டப்போகிறது? சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் சூறைக்காற்றுதான் கூரையைப் பிய்த்துத் தூக்கப் பார்க்கும், அதற்குத் தடிமனோடு பர்லின் (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இடைவெளியும் ஸ்க்ரூவும் சரியாக இருக்கவேண்டும் என்று இஞ்சினியர் அண்ணன் சொன்னார். நான் 0.48-க்குப் போனது வேறு காரணத்துக்கு: இலை அள்ள அடிக்கடி ஆள் ஏறுவார். பழைய தகட்டில் குதிகால் அளவுக்கு ஒரு பள்ளம், அதில் தண்ணீர் தேங்கி ஸ்க்ரூவைச் சுற்றித் துரு.

அப்புறம், மழைச் சத்தம் குறையவில்லை. அடியில் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) போட்ட பக்கம் போய்த்தான் ஃபோன் பேசுகிறேன்.