கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்: இப்போதே எடுக்கவா, காத்திருக்கவா?

தாம்பரத்தான்: வீட்டில் ஐந்து பேர். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும். பெரும்பகுதி தாம்பரம்-கிண்டி, வருடத்தில் மூன்று முறை திருநெல்வேலி. மாருதி கிராண்ட் விட்டாராவில் சாதாரண ஆட்டோமேட்டிக்கைவிட ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு (பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவே வண்டியை நகர்த்தும் மின்மோட்டாரும் உள்ளது) எக்ஸ்-ஷோரூமிலேயே 2 லட்சம் கூட வருகிறது. 2030க்குள் நாங்களும் ஹைபிரிட் விடுவோம் என்று ஹுண்டாய் வேறு சொல்லியிருக்கிறது. என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை: லிட்டருக்குச் சாதாரண வண்டி 14 கிலோமீட்டர், ஹைபிரிட் 21 கொடுக்கும் என்று வையுங்கள். 12,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 286 லிட்டர். நூறு ரூபாய் பெட்ரோலில் 28,600. தமிழ்நாட்டில் ஹைபிரிட்டுக்கு ரோடு டாக்ஸ் சலுகை கிடையாது. 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதாவது அந்த 2 லட்சத்துக்கும் 36,000 வரி கட்டுகிறீர்கள். போட்ட பணம் திரும்ப எட்டு வருஷம். பேட்டரி வாரண்டியும் எட்டு வருஷம்தான்!

பெருங்களத்தூர்_சிக்னல்: கணக்குப்பிள்ளை ஊரையே மறந்துவிட்டார். நான் ஓட்டுவது கிராண்ட் விட்டாராவின் டொயோட்டா ஜோடியான ஹைரைடர் ஹைபிரிட், அதே 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின். சாயங்காலம் ஆறரைக்கு ஜிஎஸ்டி ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் அணைந்தே கிடக்கும். ஏசி சத்தம் மட்டும்தான். பிரேக் பிடிக்கப் பிடிக்க பேட்டரி ஏறும். எனக்குச் சிட்டியில் 22. சாதாரண ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் என் மச்சானுக்கு அதே ரோட்டில் பத்தரை. இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள், நாலு வருஷத்தில் பணம் வந்துவிடும். கிளட்ச் பிளேட், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் எதுவும் இதில் இல்லை. மாற்றவேண்டிய செலவும் இல்லை.

கணக்குப்பிள்ளை: சரி, சிட்டிக்கு ஒத்துக்கொள்கிறேன். திண்டிவனம் தாண்டி 100-ல் போனால் அந்த 0.76 யூனிட் பேட்டரி என்ன செய்யும்? ஓடுவது பெட்ரோல்தான். 27.97 என்ற ARAI (வாகனச் சோதனை அமைப்பு) மைலேஜ் கணக்கைப் பார்த்து யாரும் மயங்கவேண்டாம்.

பெருங்களத்தூர்_சிக்னல்: ஹைவேயில் எனக்கு 20 வருகிறது. மயக்கம் ஒன்றும் இல்லை.

மூன்றுபெட்டி: டிக்கியைத் திறந்து பார்த்தீர்களா? பேட்டரி அடியில் உட்கார்ந்திருப்பதால் தரை மேலே ஏறியிருக்கும். எங்கள் வீட்டுப் பெரிய பெட்டி நிமிர்ந்து நிற்கவில்லை. படுக்கவைத்தோம், அதற்கு மேல் அம்மாவின் வாக்கருக்கு இடமில்லை. அந்த வாக்கருக்காகவே சாதாரணதை எடுத்தேன். ஷோரூம் பையன் அதையும் "ஹைபிரிட்தான் சார்" என்றே விற்றான். அது மைல்ட் ஹைபிரிட். மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், தனியாக வண்டியை நகர்த்தாது.

தாம்பரத்தான்: ஐயோ, அப்பாவுக்கும் மடக்கு வீல்சேர் உண்டு. அப்போ ஹுண்டாய்க்குக் காத்திருப்பது?

பெருங்களத்தூர்_சிக்னல்: எந்த மாடல், என்ன விலை என்று தெரியாத வண்டிக்கு எத்தனை நாள் காத்திருப்பீர்கள்? உங்கள் பழைய வண்டி எப்படி இருக்கிறது?

தாம்பரத்தான்: ரிவர்ஸ் போடும்போது கடகடவென்று சத்தம். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் டிரைவ் கேட்டிருக்கிறேன். வீல்சேரையும் எடுத்துப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை: டேப்பும் எடுத்துப் போங்கள்.