1964-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது சீனாவாலா, திட்டத்தாலா?

கேள்வி:
தோழர்களே, 1948 கல்கத்தா மாநாட்டில் ஆயுதப் புரட்சி பேசிய கட்சி, 1958-ல் அமிர்தசரஸில் அமைதி வழி என்கிறது. 1964-ல் இரண்டாகிறது. எல்லோரும் சீனப் போரைத்தான் காரணம் சொல்கிறார்கள், அவ்வளவுதானா?

பதில் 1:
போர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது, அவ்வளவே. அடிப்படைச் சண்டை கட்சியின் திட்டத்தில், அதாவது ஆட்சியிலிருந்த காங்கிரஸை என்ன செய்வது என்பதில். முதலாளிகளில் ஒரு பகுதியோடு சேர்ந்து போகலாம் என்ற தரப்பு அதற்கு தேசிய ஜனநாயகப் புரட்சி என்று பெயர் வைத்தது. அரசையே பெருமுதலாளிகள் நிலப்பிரபுக்களோடு சேர்ந்து நடத்துகிறார்கள், அவர்களோடு என்ன கூட்டு என்றவர்கள் மக்கள் ஜனநாயகப் புரட்சி என்றார்கள். ஒரு சொல் வித்தியாசம்தான், ஆனால் தேர்தலில் யாரோடு நிற்பது என்பது வரை அதில்தான் இருக்கிறது. ஏப்ரல் 11 அன்று டெல்லியில் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து இந்த இரண்டாம் தரப்பின் 32 பேர் எழுந்து வெளியே போனார்கள், நம்ம தமிழ்நாட்டுத் தலைவர்கள் சங்கரய்யாவும் பி. ராமமூர்த்தியும் அதில் உண்டு. அவர்கள் கட்டியதுதான் சிபிஎம் என்கிற மார்க்சிஸ்ட் கட்சி, மற்ற தரப்பு சிபிஐ.

பதில் 2:
தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டத்தை விட்டுவிட்டீர்களே. 1951-ல் கட்சி அதை வாபஸ் வாங்கியதைப் பலர் மறக்கவில்லை. 1967-ல் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தபோது சிபிஎம் அந்த மாநில ஆட்சியில் பங்காளி, போலீஸ் சுட்டது. அதில் சிபிஎம்மை விட்டுப் பிரிந்தவர்கள் கட்டியதுதான் 1969-ல் மா-லெ (மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்) கட்சி.

கேட்டவர்:
சரி, அப்புறம் ஏன் சிபிஐ, சிபிஎம் இரண்டும் கேரளத்தில் ஒரே முன்னணியில்?

பதில் 1:
கூட்டணி வேறு, திட்டம் வேறு தோழர். 2000-ல் திட்டத்தைப் புதுப்பித்தபோதும் சிபிஎம் அந்த "மக்கள்" என்ற சொல்லை விடவில்லை.