இன்ஜின் லைட் எரிஞ்சப்போ வீட்டுலயே கார்ல ஸ்கேனர் மாட்டிப் பாத்தவங்க என்ன நடந்துன்னு சொல்லுங்க

குலசேகரம்காரன்:
நானே தொடங்குதேன், மனசுல கெடந்து உறுத்திட்டே இருக்கு. 2014 பெட்ரோல் வண்டி, அப்பாவ நாகர்கோவில்ல டாக்டர்ட்ட காட்டிட்டு வரும்போ தக்கலை தாண்டினதும் இன்ஜின் லைட் எரிஞ்சிட்டு. வீட்டுக்கு வந்து டாங்கிள் (வண்டி போர்ட்டுல சொருகினா கோளாறு கோட போன்ல காட்டுத குட்டி ஸ்கேனர்) மாட்டினா பி0171, லீன், அதாவது காத்து கூட, பெட்ரோல் கம்மி. நான் ஆக்சிஜன் சென்சார்தான்னு முடிவு பண்ணி புதுசு வாங்கி மாட்டிட்டேன். நாலே நாள், லைட் திரும்ப வந்துட்டு. பொறவுதான் லைவ் டேட்டாவே பாத்தேன். ஐடில்ல, அதாவது மிதிக்காம சும்மா ஓடும்போ, லாங் டேர்ம் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டிக் கொறைக்குத சதவீதம்) பிளஸ் 22, மிதிச்சு 2500 ஆர்பிஎம்ல வச்சா 5க்கு எறங்குது, அப்பம் கெட்டது சென்சார் இல்ல, கணக்குல வராத காத்து எங்கயோ உள்ள போவுது. ஒரு துண்டு டியூப காதுல வச்சு தேடினா, உள்ள போற காத்த அளக்குத ஏர் ஃப்ளோ சென்சாருக்கு அங்கிட்டு போற வேக்கம் ஹோஸ் அடிப்பக்கம் எலி கடிச்சு வச்சிருக்கு. வெரல வச்சு பொத்தினேன், ஸ்ஸ்ஸ்னு கேட்ட சத்தம் நின்னுட்டு, போன்ல ஷார்ட் டேர்ம் ட்ரிம், அதாவது அப்பப்போ மாறுத திருத்த நம்பர், எறங்குது. அந்தச் சத்தத்த அப்பா மொத நாளே சொன்னாரு, "மக்கா, வண்டி மூச்சு வாங்குது கேட்டியா"ன்னு. விடியக்கால இருட்டுல நாப்பது வருசம் ரப்பர் வெட்டப் போன மனுசன், காது அம்புட்டு கூர்மை. "பேசாம இருங்கப்பா, ஸ்கேனர்ல பாத்துக்கிடலாம்"ன்னு சொல்லிட்டேன். சென்சார் காசு போனா போட்டும், இது போவ மாட்டேங்குது.

குளச்சல் கடக்கரை:
எனக்கு டாங்கிள்ல லைட்டே வரல. போர்ட்டுல 16ஆம் பின்ல 12 வோல்ட் எப்பவும் வரணும்லா, மல்டிமீட்டர் வச்சா பூஜ்யம். இசியூவே (இன்ஜின் கம்ப்யூட்டர்) போச்சுன்னு ராத்திரி பூரா வெப்ராளம். காலைல பாத்தா சிகரெட் லைட்டர் ஃபியூஸ் எரிஞ்சு கெடக்கு, எங்க வண்டில ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸ். லைட்டர் ஓட்டைல டார்ச் அடிச்சா உள்ள ஒரு ரூபா காசு, ஓரம் கருகிப் போயி. பிள்ளை உண்டியல்னு நெனச்சு போட்டிருக்கா. காச எடுத்துட்டு ஃபியூஸ் மாத்தினேன், சரியாச்சு.

மார்த்தாண்டம் பழைய ஆளு:
தம்பி குலசேகரம், லீன்னாலே காத்து லீக்குன்னு வாசிக்கவங்க நெனச்சிரக் கூடாது. ஃபியூல் பம்பு தளந்தாலும் இதே கோடு வரும், ஆனா அங்க லோடு ஏற ஏற ட்ரிம் கூடும், உனக்கு கொறஞ்சிருக்கு, அதான் வித்தியாசம். என் கத சின்னது: பி0300 வந்துது, அதாவது மிஸ்ஃபயர், சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல, பதட்டத்துல கிளியர் அமுக்கிட்டேன், ஒர்க்‌ஷாப்ல "எந்த ஆர்பிஎம்ல வந்துது, இன்ஜின் சூடா இருந்துதா"ன்னு கேட்டப்போ சொல்ல ஒண்ணுமில்ல, ஃப்ரீஸ் ஃப்ரேம், அதான் கோடு வந்த நேரத்து அளவுகள வண்டி சேத்து வச்சிருக்கது, பூரா அழிஞ்சிட்டு. அதனால சொல்லுதேன், மொதல்ல ஃப்ரீஸ் ஃப்ரேம போட்டோ எடுங்க. பேட்டரி வயர கழட்டி லைட்ட அணைக்கதும் கிளியர் பண்ணுத மாதிரிதான், ரெடினஸ் மானிட்டரும் (வண்டி தன்னையே சோதிச்சு முடிச்ச கணக்கு) சேந்து போயிரும். டாங்கிள போர்ட்டுலயே விட்டுட்டு வாரக்கணக்குல வெளியூர் போவாதீங்க, பேட்டரி எறங்கிரும். இன்ஜின் ஓடும்போ பேட்டரி வோல்ட் 13.5க்கு கீழயே நின்னா, பொதுவா கோட நம்பாம மொதல்ல பேட்டரிய சார்ஜ் பண்ணுத ஆல்டர்னேட்டர பாருங்க. 2013 ஏப்ரலுக்கு முந்தின வண்டின்னா விலை கொறஞ்ச டாங்கிள் பேசலன்னு அத திட்டாதீங்க, நம்ம நாட்டுல ஓபிடி 2, அதான் இந்த கோடு படிக்குத பொது முறை, கட்டாயம் ஆனதே அப்பதான். லைட் மின்னி மின்னி எரிஞ்சா மட்டும் ஓட்டவே ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் பைப்ல புகைய சுத்தம் பண்ணுத கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போயி அத சூடாக்கி நாசமாக்கிரும்.

தோவாளை அக்கா:
அண்ணா, அந்த மின்னுத லைட்தான் எனக்கும். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம், காத்துல வண்டி ஆடுது, பின்னாடி ரெண்டு பிள்ளைங்க, ஓரமா நிறுத்திட்டேன். பி0302. தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டு ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்னு சொல்லுதேன், அந்தப் பக்கம் இருந்தவரு "வீட்டுக்காரர்ட்ட போன குடுங்க"ங்காரு. அவரு துபாய்ல இருக்காரு. இன்ஜின் ஆறுத வரைக்கும் நின்னேன், பொறவு டூல் பேக்கெட்ட எடுத்து ரெண்டாவது சிலிண்டர் காயில (பிளக்குக்கு தீப்பொறி குடுக்கது) மூணாவதுலயும் மூணாவத ரெண்டாவதுலயும் மாத்தி மாட்டினேன். ஒரு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விட்டேன், கோடு பி0303ன்னு மாறி வந்துது. காயில் எங்க போச்சோ கோடும் அங்க போச்சு, அப்பம் கெட்டது காயில்தான். திரும்ப அதே ஆளுக்கு போன் பண்ணி "காயில் ஒண்ணு எடுத்துட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னேன். அந்த 3ங்கிற நம்பர் போன்ல வந்தது இப்பவும் அப்பிடியே ஓர்மையா இருக்கு.

குலசேகரம்காரன்:
அக்கா, கொள்ளாம். அண்ணன் சொன்ன ட்ரிம் விசயம் சரிதான், சேத்துக்கிடுதேன். புது ஹோஸையும் நேத்து ராத்திரி எலி கடிச்சு பாத்திருக்கு, பல்லு பதிஞ்சிருக்கு. தோட்டத்துக்குள்ள வீடு இருக்கவங்க இதுக்கு என்னதான் செய்யுதீங்க? புகையிலை கட்டிப் பாத்தேன், கேக்கல.